அவர் கை காட்டும்வரை

சுடலைமுத்து சார் ட்ரெட்மில்லில் ஏறி நின்றதும் இசக்கியின் கண்ணில் முதலில் பட்டது அவருடைய கணுக்கால்கள். இவ்வளவு ஒல்லியா? பன்னிரண்டு வருஷமாக அவள் மனசுக்குள் அந்த ஆள் இரண்டு தூண்கள் மேல் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை பேண்ட், கழுத்தில் விசில், இடுப்பில் கை. அந்த பேண்ட்டுக்குள் இருந்தது இதுதானா, இந்தக் கொக்குக் கால்களுக்கா ஒன்பதாம் வகுப்பிலிருந்து பயந்து செத்தோம் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பயந்ததற்காவது ஒரு மரியாதை இருந்திருக்கலாம். அவர் அரை டிரவுசரைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் குனிந்து பார்த்தார். ஒட்டியது அவள்தான். சவரம் செய்து, பஞ்சால் துடைத்து, ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறாள். அந்த நெஞ்சைத் தொடும்போது விரல் நடுங்குமோ என்று நேற்று முழுக்க யோசித்தாள். நடுங்கவில்லை. கிராம்பு வாடைதான் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் கிராம்பு மெல்லுகிறார். அந்த வாடை முகத்துக்குப் பக்கத்தில் வந்தால் அடுத்து ஒரு திட்டு வரும் என்று உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. அவளைக் கேட்காமலே தோள் இரண்டும் உள்ளே ஒடுங்கிக்கொண்டன. ஒடுங்காதே, நீ வயர் ஒட்டுகிறவள், அவர் ஒட்டப்படுகிறவர் என்று தோளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவரோ சட்டையில் குத்தியிருந்த அவளுடைய அட்டையை வாசித்துவிட்டு, “இசக்கியம்மாளா! இந்தக் காலத்துல இப்படிப் பேரு யாருமா வைக்கா? நல்ல நாட்டுப் பேரு” என்றார். அவ்வளவுதான். முகத்தில் ஒரு சின்ன அசைவு இல்லை. ஆயிரம் தடவை மைதானம் அதிரக் கூப்பிட்ட பேர் அது. அவருக்கு அது நல்ல நாட்டுப் பேர்.

“ஏம்மா, இதுல நடந்தாப் போதும்லா? நான் கிரவுண்டுல பத்து ரவுண்டு போற ஆளு.”

“ஓட வேண்டி வரும் சார். போகப்போக வேகமும் கூடும், ஏத்தமும் கூடும். மாஸ்க் மாட்டினப்புறம் பேச முடியாது. முடியலைன்னா கட்டைவிரலைக் கீழே காட்டுங்க, உடனே நிறுத்திருவேன்.”

“அதுக்கெல்லாம் வேலையே இருக்காது.”

உடனே நிறுத்திருவேன் என்று சொல்லும்போது அவளுக்கு நாக்கு கூசவில்லை. நிறுத்தப்போவதில்லை. அதற்காகத்தான் அவரை இங்கே வரவழைத்திருக்கிறாள். அவள் ஊர்ப் பக்கத்தில் பகை தீர்க்க அரிவாளைத் தூக்குவார்கள். இவள் ஆராய்ச்சித் தலைப்பைத் தூக்கினாள். நாற்பத்தைந்து வயது தாண்டிய உடற்கல்வி ஆசிரியர்களின் இதயம் ஓட்டத்துக்கு எப்படிப் பதில் சொல்கிறது, ஓட்டம் நின்ற பிறகு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது. வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பைப் பார்த்ததும் பூரித்துப்போனார். பிள்ளைகளை ஓடவிட்டு நிழலில் நிற்கிறவர்களை யாரும் சோதித்ததே இல்லையே, எப்படித் தோன்றியது உனக்கு என்று கேட்டார். எப்படித் தோன்றியதோ. மாவட்டத்தில் இருக்கிற பி.டி. வாத்தியார்கள் ஒவ்வொருவராக வந்து இந்த பெல்ட்டில் ஏறினால் என்றைக்காவது ஒருநாள் அவரும் ஏறுவார் என்று தோன்றியது. வரிசையில் எத்தனையோ நல்ல மனுஷர்கள் வந்தார்கள், ஓடினார்கள், மோர் குடித்துவிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் ஒழுங்காக நிறுத்தினாள். அவர்கள் எல்லாம் ஒத்திகை.

பெல்ட் நகர ஆரம்பித்தது. ரப்பர் சூடேறுகிற வாசனை, மாஸ்க்குக்குள் அவர் மூச்சு, கணினித் திரையில் பச்சைக் கோட்டில் ஒவ்வொரு துடிப்பாக மேலே குத்தி இறங்கி அடுத்ததற்குக் காத்திருக்கும் அவருடைய இதயம். இந்த ஆளுக்கும் மற்றவர்களுக்கு இருப்பதைப் போலவே ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் தொடாமல் நிமிர்ந்து நடந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்ற வாத்தியார்கள் அவள் திரும்பும் நேரம் பார்த்துக் கைப்பிடியைப் பிடித்து உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள், திரும்பினால் கையை எடுத்துவிட்டு அப்பாவியாகப் பார்ப்பார்கள், பிள்ளைகள் சுற்றைக் குறைக்கிற அதே திருட்டுத்தனம். இவர் அது செய்யவில்லை. வேகம் கூடியது. சுவரில் மாட்டியிருந்த அட்டையை அவள் காட்டினாள்: மிக லேசு, லேசு, கொஞ்சம் கஷ்டம், கஷ்டம், ரொம்பக் கஷ்டம், இதற்கு மேல் முடியாது. எப்படி இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டவேண்டும். அவர் ‘மிக லேசு’வைத் தொட்டார். எல்லா பி.டி. வாத்தியார்களும் அதைத்தான் தொடுவார்கள். முகம் கறுத்து, கண் பிதுங்கி, வியர்வை பெல்ட்டில் சொட்டும்போதும் லேசுதான். இவர்களுக்கு உடம்பைப் பற்றி உண்மை சொல்ல வராது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் உடம்பைப் பொய் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள், தங்கள் உடம்பும் அவர்களுக்குப் பொய்தான். இவர்கள் விரலை நம்பாதே, கோட்டை நம்பு என்று பேராசிரியர் முதல் வாரமே சொல்லிவிட்டார். அவளுக்கு இன்றைக்குக் கோடு வேண்டாம். விரல்தான் வேண்டும். அந்தக் கட்டைவிரல் கீழே திரும்பவேண்டும். திரும்பியதும் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு தடவை காட்டவேண்டும். அதற்கும் திரும்பமாட்டாள். மூன்றாவது தடவை கெஞ்சிக்கொண்டு இரண்டு கையாலும் காட்டும்போது மெதுவாகத் திரும்பி, கண்ணைப் பார்த்து, நடிக்காதீங்க சார் என்று சொல்வாள். அப்புறம் நிறுத்துவாள். கொலை இல்லை, கேஸ் இல்லை, ஒரு நிமிஷக் கூத்து. அந்த ஒரு நிமிஷத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தாள்.

நடிக்காதட்டி. அன்றைக்கு அவர் சொன்னது அதைத்தான். அவளுடைய இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரல் நுனி அகலத்துக்கு ஒரு இடம். அங்கே தொட்டால் உயிர் போகும், கொஞ்சம் தள்ளித் தொட்டால் ஒன்றும் இருக்காது. முதலில் ஓடிமுடித்த பிறகு வலித்தது, பிறகு ஓடும்போது, பிறகு ராத்திரி போர்வை பட்டாலே. அம்மா வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க அழுதாள், அழுதது மகள் இல்லை, அம்மாதான். இசக்கி அவரிடம் போய்ச் சொன்னாள். எத்தனை ஒத்திகை பார்த்து, சார்னு ஆரம்பித்து, வாய் உலர்ந்து. மற்ற பிள்ளைகள் எல்லாம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். “வலிக்கி சார், இந்த இடத்துல.” அவர் பார்க்கவில்லை. குனியக்கூட இல்லை. “நடிக்காதட்டி. ஜோனல் மீட் வருதுன்னதும் எல்லாத்துக்கும் கால் வலிக்கும், வயித்த வலிக்கும். போயி நில்லு கோட்டுல.” பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த ஆள் தாங்கள்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர் மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது: ஓடும்போது முடியவில்லை என்று கை தூக்கினால் எல்லாருக்கும் ஒரு சுற்று கூட. தூக்கினவளுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். அதனால் யாரும் தூக்கமாட்டார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே ஓடியிருக்கிறார்கள், மாதவிலக்கின்போது கண் இருட்டி விழுந்து எழுந்து ஓடியிருக்கிறார்கள். வெளியூர் வாத்தியார்கள் வந்து பார்த்து, உங்க பிள்ளைகள் மட்டும் எப்படி சார் இப்படி என்று ஆச்சரியப்படுவார்கள், அவர் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டே பெருமையாக நிற்பார். ஜோனல் மீட்டில் எண்ணூறு மீட்டர், கடைசி வளைவில் அவள் முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள். எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைத்த அந்த அடியில் முருங்கைக் கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டது, யாரோ எதையோ ஒடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள், அப்புறம் மண் வாய்க்குள் இருந்தது. அவர் வந்தார். கிராம்பு வாடை. “எந்திரிட்டி, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு.” எலும்பு தோலைத் தள்ளிக்கொண்டு நின்றதை அவர் பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பார்த்தார் என்று நினைத்தால் ஒரு மாதிரிக் கொதிக்கிறது, பார்க்கவில்லை என்று நினைத்தால் வேறு மாதிரிக் கொதிக்கிறது. அடுத்த போட்டிக்கு விசில் ஊதினார்கள், அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மாவுக்கட்டோடு கிடந்த மாதங்களில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திட்டுவதற்காவது வருவார் என்று இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“சூப்பர் சார், அப்படித்தான், இன்னும் கொஞ்சம்” என்றாள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓடுகிறவர்களுக்கு எல்லாம் ஒரே மாதிரி ஊக்கம் கொடுக்கவேண்டும், ஒருத்தருக்குக் கூடவும் ஒருத்தருக்குக் குறையவும் கொடுத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். அவர் ஓட ஆரம்பித்திருந்தார். ஷூ பெல்ட்டில் அடிக்கிற சத்தம் அறை முழுக்க நிறைந்தது. அடுத்த அறையில் காந்திமதி டாக்டர் போனில் மகளுடைய பள்ளிக்கூட வேன் வராதது பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கதவு வழியாகக் கேட்டது. ஏதாவது என்றால் ஒரு குரல் கொடு, நான் இங்கேதான் இருக்கேன் என்பது டாக்டருக்கும் அவளுக்கும் உள்ள ஏற்பாடு. ஏதாவது என்றால். அட்டையைக் காட்டினாள். ‘லேசு’. அடப்பாவி மனுஷா. மாஸ்க்கின் ஓரத்தில் வியர்வை நூலாக இறங்குகிறது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது, லேசாம். காட்டுங்க சார், விரலைக் காட்டுங்க, ஒரு தடவை காட்டினால் என்ன குறைந்துவிடும், இங்கே பிள்ளைகள் யாரும் இல்லை, உங்களுக்காக யாரும் கூட ஒரு சுற்று ஓடப்போவதில்லை. ஏற்றம் கூடியது. அவர் உடம்பு முன்பக்கம் சாய்ந்தது. கை இரண்டும் காற்றில் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பி வந்தன. அப்போதுதான் திரையில் அந்தக் கோடு இறங்கியிருப்பதைப் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்து நேராக வரவேண்டிய துண்டு நேராக வரவில்லை. கீழே அமுங்கி, அங்கேயே தவழ்ந்து, சிரமப்பட்டு மேலே ஏறியது. அடுத்த துடிப்பும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். இந்த அளவுக்கு இறங்கினால் ஓடுகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நிறுத்து என்று விதி, அவளே எழுதி, அவளே தட்டச்சு செய்து, ட்ரெட்மில்லின் கைப்பிடியில் ஒட்டியிருக்கிறாள்.

சிவப்புப் பொத்தான் மேல் அவள் விரல் இருந்தது. அழுத்தவில்லை. அவர் இன்னும் கேட்கவில்லையே. இப்போது நிறுத்தினால் என்ன ஆகும், இறங்கி, மாஸ்க்கைக் கழற்றி, ஏம்மா நிறுத்திட்ட, நான் இன்னும் ஓடுவேனே என்பார். வருகிற போகிறவர்களிடம் சொல்வார். யுனிவர்சிட்டிக்காரங்களே முடியாம நிறுத்திட்டாங்க என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, கடைசியில் அவளே அவருக்கு மெடல் குத்தி அனுப்புவதா? காட்டுங்க சார். ஒரு மூச்சு. அவர் இடதுகை நெஞ்சுக்குப் போனது, வயரைச் சரிசெய்கிற மாதிரி ஒரு பாவனை செய்துவிட்டு இறங்கியது. பார்த்தாள். வலிக்கிறது. அவருக்கு வலிக்கிறது, ஒரே இடத்தில், ஒரு கை அகலத்துக்கு, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அதில் ஒரு சந்தோஷம் வந்தது. வரவில்லை என்று யாரிடமும் சொல்லமாட்டாள், வந்தது, வெயிலில் வந்தவனுக்குப் பானைத் தண்ணீர் இறங்குவதுபோலத் தொண்டை வழியாக வயிறு வரை இறங்கியது. இன்னொரு மூச்சு. கோடு இன்னும் அமுங்கியது. அடுத்த அறையில் டாக்டர் சிரித்தார், வேன் வந்துவிட்டது போலிருக்கிறது. யாருக்கும் தெரியாது. கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பார்க்கும்போதே விழுந்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், அறுபதை நெருங்குகிற ஆள், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவர் கண் அவளைப் பார்த்தது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள். அதில் கெஞ்சல் இருக்கிறதா என்று தேடினாள். பயம் இருந்தது, நிறைய இருந்தது, ஆனால் கெஞ்சல் இல்லை. விரல் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, யாரோ கட்டிப்போட்ட மாதிரி. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த ஆள் காட்டமாட்டார். செத்து பெல்ட்டிலிருந்து தூக்கி எறியப்படும்வரை காட்டமாட்டார். காட்டக்கூடாது என்று மற்றவர்களுக்கு விதி போட்டுப் போட்டு அந்த விரலுக்கே அது மறந்துபோய்விட்டது. செத்தால் அவர் கேட்காமலே செத்தவர். ஜெயித்தவர். அவள்தான் கடைசிவரை காத்துநின்ற முட்டாள். விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று அவள் மனசு கத்தியது, யாருக்கு எதை என்று அவளுக்கே தெரியவில்லை. பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

“டாக்டர்!”

அதற்கப்புறம் எல்லாம் கை தானாகச் செய்தது. பெல்ட் தளர்ந்தது, அவரைத் தோளில் தாங்கிக் கட்டிலில் சாய்த்தாள், மாஸ்க்கைக் கழற்றினாள், காந்திமதி டாக்டர் செருப்பு கூடப் போடாமல் ஓடிவந்து திரையைப் பார்த்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, பிரஷர் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கோடு மெதுவாக, மனசில்லாமல், மேலே ஏறத் தொடங்கியது. “சரியான நேரத்துல நிறுத்திருக்க இசக்கி. வேற யாராவதுன்னா இந்நேரம் போயிருப்பாரு” என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். சரியான நேரம். அந்த மூச்சுகளை அவளைத் தவிர யார் எண்ணினார்கள். டாக்டர் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாசலுக்குக் கிளம்பினார். “ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இரு. வயரைக் கழட்டிராத. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரு, மயங்க விட்டுராத.”

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெறும் மார்போடு, வயர்களோடு, முகம் சாம்பல் பூத்துக் கிடந்தார். மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. வயசான ஒரு ஆள். கோபம் குறைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. குறையவில்லை, நல்லவேளை.

“வலி இருந்துச்சுல்ல சார்?”

“ஒண்ணுமில்ல… லேசா.”

“எப்பலேருந்து?”

அவர் கூரையைப் பார்த்தார். “ரெண்டு மாசமா இருக்கும். மாடிப்படி ஏறும்போது. யாருகிட்டயும் சொல்லல.” பிறகு, வெட்கப்படுகிற குரலில், “நீ நல்ல பிள்ளம்மா. நான் கேக்காமலே நிறுத்திட்ட.”

அவளுக்குத் தாங்கமுடியவில்லை. இதைக் கேட்கவா. நல்ல பிள்ளை என்று அந்த வாயால் கேட்கவேண்டும் என்று ஒரு காலத்தில் ஓடிய ஓட்டமெல்லாம் தொண்டையில் வந்து நின்றது, அதைத் துப்பவேண்டும்போல இருந்தது. “என்னைத் தெரியலையா சார்? இசக்கி. உங்க ஸ்கூல்ல படிச்சேன். உங்ககிட்டதான் ஓடினேன்.”

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எத்தனை வருஷத்துப் பிள்ளைகள் அந்தக் கண்ணுக்குள் வரிசையாக ஓடினார்களோ, யாரும் நிற்கவில்லை.

“ஜோனல் மீட்ல கால் ஒடிஞ்சது சார். எண்ணூறு மீட்டர். வலிக்குதுன்னு சொன்னேன், நடிக்காதேன்னு சொன்னீங்க.” சொல்லிவிட்டாள். குரல் உடையவில்லை. இனி அவர் முகம் மாறும். ஒன்று மறுப்பார், அல்லது மன்னிப்புக் கேட்பார், எதற்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது, வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தாள். அவர் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே ஞாபகப்படுத்த முயன்று, உதவி கேட்கிற தொனியில் கேட்டார்:

“கால் ஒடிஞ்ச பிள்ளையா? எந்தக் கால் ஒடிஞ்ச பிள்ளைமா நீ?”

இசக்கிக்கு முதலில் விளங்கவில்லை. இடது கால் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு விளங்கியது. அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அந்த மைதானத்தில் விழுந்துகிடந்தது தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். அந்த வலி அவளுக்கே அவளுக்கென்று எழுதிக்கொடுத்தது என்று, பட்டா போட்டு வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர், எந்தெந்த ஊரில், எந்தெந்த வாசலில் செருப்புச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அவர் தோளில் கையை வைத்து மெதுவாக, ஆனால் அசையமுடியாதபடி, படுக்கவைத்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் கேட்கவில்லை. பேச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

“அவசரம் இல்ல சார்” என்றாள். “ஒவ்வொருத்தி பேரா சொல்லுங்க. கால் ஒடிஞ்சவ, முதுகு போனவ, படிப்ப விட்டவ, எல்லாரையும். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்…”

“சொல்லுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். அந்தக் குரலை அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கோட்டில் போய் நிற்கச் சொன்னால் நிற்கவேண்டிய குரல். கூரைக்குத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். திரையில் துடிப்பு கொஞ்சம் வேகம் எடுத்தது, அடங்கியது. “முத்துப்பேச்சி” என்றார். நிறுத்தினார். “அப்புறம்… அந்த லூர்து. அவ தங்கச்சி.”

இசக்கி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“ம். அப்புறம்?”